வேலூர் பழைய சாமான் கடையில வாங்கின 66 அடி சர்வே சங்கிலி: ஒரு வருஷம் வச்சிருந்து எழுதுற ரிவ்யூ

மொதல்ல பொருள் இன்னான்னு சொல்லிடறேன். நிலம் அளக்கிற பழைய இரும்புச் சங்கிலி. கன்ட்டர் செயின்னு பேரு. 66 அடி நீளம், 100 லிங்க், ரெண்டு முனையிலயும் பித்தளைப் பிடி. வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்கிற பழைய இரும்பு சாமான் கடையில போன வருஷம் ஆடி மாசம் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தக் காலத்துல லேசர் மீட்டர், சாட்டிலைட் வச்சி அளக்கிற டிஜிபிஎஸ் எல்லாம் வந்தப்புறம் இத யாரு வாங்குவாங்கன்னு கேட்டீங்கன்னா, ரெண்டு காரணம். ஒன்னு, எங்க அப்பா சர்வே டிபார்ட்மென்ட்டுல செயின்மேனா இருந்தவரு, நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது லீவு நாள்ல கூட இட்டுக்கினு போவாரு, இந்தச் சங்கிலியோட சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்குது. இன்னொன்னு, ஒடுகத்தூர் பக்கம் எங்க கயினியில அரை சென்ட்டுக்கு ஒரு தகராறு வந்துச்சி. அத கீழ சொல்றேன், ஏன்னா இந்தச் சங்கிலி எனக்கு எவ்ளோ உழைச்சதுன்னு அப்பதான் புரியும்.

கடையப் பத்தி மொதல்ல. கடைக்காரர் பாய் வயசானவரு, நல்ல மனுஷன். சங்கிலி ஒரு சாக்குக்குள்ள துருப்பிடிச்சி மொத்தையா கிடந்துச்சி. "எடைக்குப் போட்டுடலாம்னு இருந்தேம்மா, நீ கேட்டியேன்னு குடுக்கறேன்"னாரு. நான் பிரிச்சிப் பாக்கணும்னு சொன்னதுக்கு மூஞ்ச சுளிக்காம கடைப் பையன கூப்பிட்டு ஒரு முனைய புடிக்கச் சொன்னாரு, அந்தச் சந்துல டூவீலர் போக வர இருக்கும்போதே 66 அடியையும் நீட்டி நூறு லிங்க்கையும் ஒன்னொன்னா எண்ணிப் பாத்தேன், அரை மணி நேரம் ஆச்சி, ஒரு வார்த்தை சொல்லல. பழைய சாமான் விக்கிறவங்கள்ல இந்தப் பொறுமை எல்லாருக்கும் கிடையாது. 2,500 சொன்னாரு, 1,800க்கு முடிஞ்சிது. கடைக்கு முழு மார்க்கு.

எண்ணினதுல தெரிஞ்சது, 73ஆவது லிங்க்குக்குப் பக்கத்துல ஒரு வளையம் போயி யாரோ கட்டுக்கம்பிய முறுக்கி விட்டிருந்தாங்க. மத்தபடி எல்லாம் ஒரிஜினல். பத்து லிங்க்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும், பத்துக்கு ஒரு பல்லு, இருபதுக்கு ரெண்டு பல்லு, முப்பதுக்கு மூனு, நாப்பதுக்கு நாலு, அம்பதுக்கு மட்டும் வட்டமா இருக்கும். அதுக்கப்புறம் மறுபடி நாலு, மூனு, ரெண்டு, ஒன்னுன்னு இறங்கும், எந்த முனையில இருந்து எண்ணினாலும் சரியா வரணும்னு அப்படி வச்சிருக்காங்க. வசதிதான், ஆனா இதுலதான் ஆபத்தும் இருக்குது. 40க்கும் 60க்கும் ஒரே நாலு பல்லு. அசந்தா இருபது லிங்க், அதாவது 13 அடிக்கு மேல, தப்பாப் போயிடும். அப்பா எப்பவும் வட்ட வில்லை எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாத்துட்டுதான் வாயத் தொறந்து நம்பர் சொல்லுவாரு. நீங்க வாங்கினா இந்தப் பழக்கத்த மொத நாளே வச்சிக்கோங்க.

மண்ணெண்ணெயில ரெண்டு நாள் ஊற வச்சி, தேங்காய் நாரு போட்டுத் தேச்சி, ஒரு வெல்டிங் பட்டறையில அந்தக் கம்பிய எடுத்துட்டு சரியான வளையம் போட்டேன். அதுக்கு 150 ரூபாய். அப்புறம் புது 30 மீட்டர் ஸ்டீல் டேப் பக்கத்துல போட்டு ஒத்துப் பாத்தேன். 20.117 மீட்டர் இருக்கணும், 20.15 இருந்துச்சி. 3.3 சென்டிமீட்டர் ஜாஸ்தி. இது சங்கிலியோட குத்தம் இல்ல, வயசு. ஒவ்வொரு லிங்க்கோட ரெண்டு முனையும் வளையத்துல மாட்டியிருக்குது, ஒரு சங்கிலியில உரசுற இடம் நூத்துக்கணக்குல இருக்கும், ஒவ்வொன்னும் தலைமுடி அளவு தேஞ்சாலும் மொத்தத்துல அங்குலக் கணக்குல நீண்டுடும். நம்ம ஊரு வெயிலும் ஒரு காரணமாயிடுது, காத்தால அளக்கிறதுக்கும் மத்தியானம் சங்கிலி இருபது டிகிரி சூடேறினப்புறம் அளக்கிறதுக்கும் நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அதனால துல்லியம் வேணும்னா டேப்போட ஒத்துப் பாத்து எவ்ளோ ஜாஸ்தின்னு எழுதி வச்சிக்கினு கணக்குல சரி பண்ணிக்கணும். நான் பிடியிலயே சின்னதா ஒரு சீட்டு கட்டி வச்சிருக்கேன்.

டேப் இல்லாதவங்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்குது. கிரிக்கெட் பிட்ச். ஸ்டம்ப்புல இருந்து ஸ்டம்ப் வரைக்கும் 22 கஜம், அது அப்படியே ஒரு செயின். ஒழுங்கா அளந்து போட்ட ஏதாவது காலேஜ் கிரவுண்டுல சங்கிலிய போட்டா நேரா உக்காரும். எங்க ஸ்கூல் பசங்களுக்கு இத செஞ்சி காட்டினப்ப அவங்க மூஞ்சியில வந்த சந்தோஷத்த நான் முப்பது வருஷம் போர்டுல கணக்கு எழுதினதுல பாத்ததில்ல.

இப்போ கணக்கு. ஏன் 66ன்னு ஒரு ஒட்டாத நம்பர்? 1620 வாக்குல எட்மண்ட் கன்ட்டர்னு இங்கிலாந்து கணக்கு வாத்தியார் பண்ணின வேலை. அவங்க ஊருல ஏக்கர், மைல் எல்லாம் நாலு நாலா போற பழைய அளவு, கன்ட்டர் அதுக்கு ஒத்து வர்ற நீளத்த எடுத்து நூறாப் பிரிச்சிட்டாரு. 10 சதுர செயின் ஒரு ஏக்கர். 80 செயின் ஒரு மைல். ஒரு ஏக்கர்ல லட்சம் சதுர லிங்க், அதுல நூத்துல ஒரு பங்கு, ஆயிரம் சதுர லிங்க், அதுதான் நம்ம சென்ட்டு. நம்ம எல்லாரும் 435.6 சதுர அடின்னு மனப்பாடம் பண்றோமே, அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்துச்சின்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? லிங்க்குல பாத்தா புள்ளியே கிடையாது. எங்க கயினி 250 லிங்க்குக்கு 180 லிங்க். பெருக்கினா 45,000. மூனு சைபர அடிச்சா 45 சென்ட்டு. முடிஞ்சிது. பழைய எஃப்எம்பி, அதாவது சர்வே டிபார்ட்மென்ட் நிலத்த அளந்து போட்ட வரைபடம், அதுல லிங்க்குல எழுதியிருக்கிறதப் பாத்துட்டுப் புரியலன்னு விட்டுடறவங்க இந்த ஒரு கணக்கத் தெரிஞ்சிக்கினா போதும்.

ரெண்டு வருஷம் முன்னாடி பொண்ணு பிரசவத்துக்காக அமெரிக்கா ஓஹையோ மாநிலத்துல கொலம்பஸ் ஊருக்குப் போயி நாலு மாசம் இருந்தேன். குளிர்ல வெளிய போக முடியாது, குழந்தை தூங்குற நேரத்துல மருமகன் அவங்க கவுன்ட்டியோட நில வரைபடத்த கம்ப்யூட்டர்ல போட்டுக் காமிச்சாரு. ஊரு நடுவுல சயோட்டோன்னு ஒரு ஆறு ஓடுது. ஆத்துக்குக் கிழக்கால நிலத்துக் கோடெல்லாம் ஸ்கேல் வச்சி போட்ட மாதிரி, மேற்கால ஒவ்வொரு நிலமும் ஒரு கோணம், ஒன்னுக்கொன்னு சாஞ்சிக்கினு, நம்ம ஏரிக்கரை ஓரத்துக் கயினி மாதிரி. ஒரே ஊரு, ஒரே ஆறு, ஏன் இப்படி? அந்த நாலு மாசமும் நான் அதையேதான் படிச்சிக்கினு இருந்தேன். பதில் இந்தச் சங்கிலியில இருந்துச்சி.

மேற்கால இருக்கிறது விர்ஜீனியா மாநிலம் தன்னோட சுதந்திரப் போர் சிப்பாய்ங்களுக்காக ஒதுக்கி வச்சிக்கினது. சிப்பாய்க்கு ஒரு சீட்டு குடுப்பாங்க, இத்தன ஏக்கர்னு. அவன் காட்டுக்குள்ள போயி பிடிச்ச இடத்த, நல்ல மண்ணா தண்ணியா பாத்து, இஷ்டமான வடிவத்துல வளைச்சிக்கலாம். பத்திரத்துல எழுதறது ஓடையில இருக்கிற வெள்ளை ஓக் மரத்துல ஆரம்பிச்சி, இத்தன கோல் தூரம் இந்தத் திசையில போயி, ரெண்டு பீச் மரம் வரைக்கும், அங்கிருந்து இன்னார் நிலத்து மூலைக்கு, இப்படி. எங்க தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்துல செக்குபந்தி, அதாவது நாலெல்லை, எப்படி இருக்கும்? ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் கொல்லிக்கு மேற்கு, பெரிய புளியமரத்துக்கு வடக்கு, இதன் மத்தியில் 34 குழி. ரெண்டும் ஒரே பாஷை. எங்க புளியமரம் நான் பொறக்கறதுக்கு முன்னாடியே விறகாயிடுச்சி. அங்கயும் ஓக் மரம் விழுந்துச்சி, ஓடை திசை மாறுச்சி, கேஸ் வருஷக்கணக்குல ஓடுச்சி.

இதுல ரொம்ப அடி வாங்குனது பக்கத்துல இருக்கிற கென்டக்கி. 1779ல விர்ஜீனியா போட்ட சட்டத்துல நிலச்சீட்ட காசுக்கு வித்தாங்க, எவ்ளோ நிலம் இருக்குது, ஏற்கெனவே யாரு எடுத்திருக்காங்கன்னு பாக்காமலேயே வித்தாங்க. ஒரே இடத்து மேல மூனு பேரு நாலு பேரு பத்திரம், கூரை ஓடு ஒன்னு மேல ஒன்னு போட்ட மாதிரின்னு அங்கயே சொல்லுவாங்களாம். டேனியல் பூன்னு பெரிய ஆளு, அந்தக் காட்டுக்கு வழி போட்டவரே அவருதான், கொஞ்ச நாள் அவரே சர்வேயர் வேலையும் பாத்திருக்காரு, அவருக்கே கடைசியில நிலம் கையில நிக்கல, 1799ல கென்டக்கிய விட்டுட்டு மிசூரி பக்கம் போயிட்டாரு. ஆபிரகாம் லிங்கனோட அப்பா தாமஸ் லிங்கன் அங்க 238 ஏக்கர்னு வாங்கின ஒரு நிலம் அளவுத் தப்புல 200 ஏக்கரா விக்க வேண்டியதாச்சி, அதுக்கப்புறம் வாங்கின நிலத்துலயும் டைட்டில் தகராறு. 1816ல குடும்பத்தோட இண்டியானாவுக்குக் கிளம்பிட்டாரு. ஏன் போனோம்னு லிங்கனே பின்னாடி எழுதும்போது அடிமைமுறை ஒரு காரணம், முக்கியமான காரணம் நிலப்பத்திரத் தொல்லைன்னு எழுதியிருக்காரு. அந்தப் பையன் வளந்து இல்லினாய்ல கொஞ்ச வருஷம் சர்வேயராவே வேலை பாத்தாருங்கறது படிச்சப்ப எனக்கு அப்பா ஞாபகம் வந்துடுச்சி. தாமஸ் லிங்கன் ஏன் இண்டியானாவத் தேர்ந்தெடுத்தாருன்னா, அங்க நிலத்த மொதல்ல அளந்துட்டு அப்புறம்தான் வித்தாங்க.

அதுக்கு விதை 1785 மே மாசம் அமெரிக்க காங்கிரஸ் போட்ட சட்டம். விக்கறதுக்கு முன்னாடி அளக்கணும், சங்கிலியாலதான் அளக்கணும், கோடு போற வழியில இருக்கிற மரத்துல வெட்டி அடையாளம் போடணும்னு அதுலயே எழுதியிருக்குது. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதுல 36 கட்டம், ஒரு கட்டம் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். 16ஆம் நம்பர் கட்டம் பள்ளிக்கூடத்துக்கு. டீச்சரா இருந்தவளுக்கு அந்த வரி எவ்ளோ நிறைவா இருந்திருக்கும்னு யோசிச்சிப் பாருங்க, காட்டுல ஒரு வீடு வர்றதுக்கு முன்னாடியே ஸ்கூலுக்கு இடம் ஒதுக்கியாச்சி. 640 ஏக்கர்னா 80 செயினுக்கு 80 செயின். பாதியா வெட்டினா 320, கால்வாசி 160, அது 40 செயினுக்கு 40 செயின். இந்தச் சங்கிலி இருந்தா எட்டாங்கிளாஸ் புள்ளை கூட பங்கு பிரிச்சிடும்.

அந்தச் சட்டப்படி மொதல்ல சங்கிலி போட ஆரம்பிச்ச இடம் ஓஹையோ ஆத்தங்கரையில, பென்சில்வேனியா எல்லையில இருக்குது. 1785 செப்டம்பர் 30, தாமஸ் ஹட்சின்ஸ்னு அரசாங்க ஜியாகரஃபர் ஆரம்பிச்சாரு. கிளம்பறதுக்கு முன்னாடி மருமகன்கிட்ட கேட்டு கார்ல அங்க இட்டுக்கினு போகச் சொன்னேன். ரோட்டோரம் ஒரு கல்லு நட்டு வச்சிருக்காங்க, உண்மையான இடம் அங்கிருந்து 1,112 அடி தெற்கால, இப்போ ஆத்துத் தண்ணிக்குள்ள இருக்குது. வேற பாக்க ஒன்னும் இல்ல. நான் பத்து நிமிஷம் நின்னுட்டுதான் வந்தேன்.

நிலம் விக்கறது ஒன்னும் லேசா நடக்கல. மொத சட்டத்துல ஏக்கருக்குக் கொறஞ்சது ஒரு டாலர், ஆனா 640 ஏக்கர் சேத்து வாங்கணும், சாதாரண குடியானவனால முடியுமா? 1796ல ரெண்டு டாலராக்கினாங்க. 1800ல 320 ஏக்கர் வரைக்கும் இறக்கி, கால்வாசி கட்டிட்டு மீதிய நாலு வருஷத்துல கட்டுன்னாங்க. இந்தத் தவணைய நம்பி வாங்கினவங்க 1819ல பணமுடை வந்தப்ப கட்ட முடியாம தவிச்சாங்க, 1820ல தவணையே கிடையாது, ஏக்கர் ஒன்னேகால் டாலர், 80 ஏக்கர் போதும், ரொக்கமா நூறு டாலர் வைன்னு மாத்தினாங்க. நடுவுல கம்பெனிக்காரங்க வேற. ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ்னு ஒருத்தரு சின்சினாட்டி பக்கம் பெரிய நிலம் வாங்கி, தனக்கு வராத இடத்தையும் சேத்து வித்துட்டாரு. சயோட்டோ கம்பெனின்னு ஒன்னு பாரிஸ்ல உக்காந்துக்கினு பிரெஞ்சுக்காரங்களுக்கு ஓஹையோ நிலத்த வித்துச்சி, 1790ல குடும்பம் குடும்பமா கப்பலேறி வந்து பாத்தா கையில இருக்கிற பத்திரம் செல்லாது. கல்லிபோலிஸ்னு ஊரு அவங்க உக்காந்த இடம்தான். மனைக்கட்டு போட்டு கலர் நோட்டீஸ் குடுக்கிற நம்ம காலத்துல இருந்து பாத்தா அவங்க நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும்னு புரியுது.

இன்னொன்னையும் சொல்லாம விட மாட்டேன். அந்த நிலத்துல ஷாவ்னி, லெனாப்பே, மயாமி ஜனங்க வாழ்ந்துக்கினு இருந்தாங்க. அவங்க இந்தக் கோட்ட ஒத்துக்கல, சர்வேயர்ங்க பட்டாளத்துப் பாதுகாப்போடதான் சங்கிலி இழுத்தாங்க, பயத்துல வேலைய பாதியில நிறுத்தினாங்க, 1791ல அந்த ஜனங்க அமெரிக்கப் படையவே தோக்கடிச்சாங்க, கடைசியில தோத்துப் போயி 1795 கிரீன்வில் ஒப்பந்தத்துல ஓஹையோவுல பெரும்பகுதிய விட்டுக் குடுக்க வேண்டியதாச்சி. சங்கிலி நேராத்தான் இருந்துச்சி, யாரு நிலத்து மேல போட்டாங்கங்கறது வேற கேள்வி. நம்ம ஊர்லயும் 1892ல ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்குன்னு குடுத்த பஞ்சமி நிலம் எத்தனை இன்னிக்கு அவங்க கையில இருக்குது? பேப்பர்ல எல்லை ஒழுங்கா இருந்தும் எழுதப் படிக்கத் தெரியாதவன்கிட்ட கைநாட்டு வாங்கினா அந்த எல்லை யாரக் காப்பாத்தும்னு எனக்கு இன்னிக்கும் ஆத்தாமையா இருக்குது.

நம்ம பக்கத்துக்கும் அந்தக் கதைக்கும் நேரா ஒரு தொடர்பு இருக்குதுன்னு தெரிஞ்சப்ப ராத்திரி தூக்கமே வரல. வில்லியம் லாம்டன். 1802ல மெட்ராஸ்ல பரங்கிமலை பக்கம் ஏழரை மைலுக்கு அடிக்கோடு அளந்து இந்தியாவையே முக்கோணமா அளக்க ஆரம்பிச்சாரே, அவரு அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல சண்டை போட்ட பிரிட்டிஷ் சிப்பாய். 1781ல யார்க்டவுன்ல பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் சரணடைஞ்சப்ப இவரும் பிடிபட்டாரு. அப்புறம் கனடா பக்கம் நியூ பிரன்ஸ்விக்ல குடியேற வந்தவங்களுக்கு நிலம் அளந்து குடுத்துக்கினு வருஷக்கணக்குல இருந்தாரு. ஹட்சின்ஸ் ஓஹையோவுல சங்கிலி இழுத்த அதே காலம். அங்க தோத்த காரன்வாலிஸும் இங்கதான் வந்தாரு, 1792ல திப்புகிட்ட இருந்து கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம் இருக்கிற பாராமகால் சீமைய வாங்கினது அவருதான். அந்தப் பாராமகால அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூர்லயும் தாமஸ் மன்றோ தருமபுரியிலயும் இருந்துக்கினு கயினி கயினியா அளந்தாங்க, உழுறவன்கிட்டயே நேரா வரி வாங்குற ரயத்துவாரின்னு நம்ம பட்டா முறை வளந்தது அங்கதான். ஒரே ஒரு வித்தியாசம். அங்க அளந்தது விக்கறதுக்கு, இங்க அளந்தது வரி போடறதுக்கு. அதனாலதான் அங்க கட்டம் கட்டமா கோடு போட்டுட்டு அப்புறம் ஆளுங்கள உக்கார வச்சாங்க, இங்க ஏற்கெனவே உழுதுக்கினு இருந்தவன் வரப்பு எப்படி வளைஞ்சி போச்சோ அப்படியே சங்கிலியும் வளைஞ்சி போச்சி. நம்ம எஃப்எம்பி கோணல்மாணலா இருக்குதுன்னு யாராவது குறை சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், அது உழுதவனோட கோடு.

சரி, எங்க அரை சென்ட்டு. போன வருஷம் பக்கத்துக் கயினிக்காரர் ஒரு பிரைவேட் ஆள வச்சி அளந்தாரு. அவரோட கயினி இல்ல, எங்களது. "டீச்சரம்மா, உங்களுக்குப் பத்திரப்படி 45தான், 45 அரை இருக்குது, அரை சென்ட்டு எங்களுது"ன்னாரு. அரை சென்ட்டுன்னா 218 சதுர அடி, எங்க நீளப் பக்கம் 165 அடி, வகுத்துப் பாத்தா ஒன்னேகால் அடிக்குக் கொஞ்சம் மேல. ஒரு வரப்பு அகலம். அந்த வரப்ப அவரு வெட்டத் தயாராயிட்டாரு. நல்ல மனுஷன்தான், ஆனா நம்பர் கையில இருந்தா யாருக்கும் தைரியம் வந்துடும். எங்க தம்பி கோவத்துல கத்தினான். நான் அளந்தவர் வச்சிருந்த சங்கிலிய ஒரு தரம் பாக்கணும்னு மட்டும் கேட்டேன்.

பாத்தா அது 20 மீட்டர் சங்கிலி. அதுலயும் நூறு லிங்க், அதே மாதிரி பித்தளை வில்லை, பிடி, தூரத்துல இருந்து பாத்தா அண்ணன் தம்பி மாதிரி. 66 அடி சங்கிலி 20.117 மீட்டர், இது 20. வெறும் 11.7 சென்டிமீட்டர் கம்மி. ஆனா எஃப்எம்பியில இருக்கிற 250, 180 லிங்க் கன்ட்டர் லிங்க், அவரு எண்ணினது மெட்ரிக் லிங்க், அதுல எங்க கயினி 251 அரைக்கு 181 ஆயிடுச்சி, பெருக்கினா 45 அரை. அவரு பொய் சொல்லல, சங்கிலிய மாத்தி எடுத்துட்டாரு. ஏக்கருக்கு ஒரு சென்ட்டுக்கு மேல தப்பு வரும் இதுல. அதுக்கப்புறம்தான் நான் வேலூர் கடையெல்லாம் அலைஞ்சி இந்தச் சங்கிலியத் தேடினது, வாயால சொன்னா யாரு நம்புவாங்க, கையில காமிக்கணும்.

பக்கத்துக் கயினிக்காரரையே ஒரு முனைய புடிக்கச் சொல்லி ரெண்டு பேருமா அளந்தோம். நடுவுல தொங்கவிடக் கூடாதுன்னு அப்பா சின்ன வயசுல என்ன எத்தனை தடவ அதட்டியிருப்பாரு, "தொளதொளன்னு புடிக்காத, இழுத்துப் புடி, நம்பர் கூடிடும்". 249.6க்கு 179.7 வந்துச்சி, 44.85 சென்ட்டு. என் சங்கிலி 3.3 சென்டிமீட்டர் நீளம் ஜாஸ்தின்றதால கம்மியாக் காமிக்கும், அத சேத்தா சரியா 45. அதே அளவ வச்சி நாலு மூலையும் குறிச்சோம். மூனு மூலையில சர்வே கல்லு கண்ணுக்குத் தெரியுது, நாலாவது தெரியல, சங்கிலி காமிச்ச இடத்துல வேலிக்காத்தானுக்கு அடியில மண்ண ஒதுக்கினா ஒரு முழத்துல கல்லு தலை தெரிஞ்சிது. பிடுங்கல, தொடக்கூட இல்ல, சர்வே கல்ல அசைக்கறது சட்டப்படி குத்தம். அப்படியே விட்டுட்டு அரசாங்க சர்வேயரே வந்து எல்லைய அளந்து காமிக்கணும்னு எஃப் லைன் மனு போட்டோம், தாலுக்கா சர்வேயர் வந்து அளந்து அதே கல்ல உறுதி பண்ணிட்டுப் போனாரு.

அந்தக் கல்லுதான் முக்கியம், நம்பர் இல்ல. அமெரிக்காவுல 1805லயே சட்டம் போட்டுட்டாங்க, அரசாங்க சர்வேயர் தரையில நட்ட மூலை எதுவோ அதான் மூலை, அவரு அளந்ததுல தப்பே இருந்தாலும் அத நம்பி நிலம் வாங்கினவனுக்கு அதான் எல்லை. பூமி உருண்டையா இருக்கறதால ஆறு மைல் கட்டம் வடக்கால போகப் போகக் குறுகும், சரியாவே வராது, வர்ற மிச்சம் மீதிய வடக்கு மேற்கு ஓரத்துக் கட்டங்கள்ல தள்ளிடுவாங்க. கல்லு கிடைக்காத காட்டுல கம்பம் நட்டு, பக்கத்துல இருக்கிற மரத்துல அடையாளம் வெட்டி, இன்ன மரம், இத்தன அங்குலம் பருமன், மூலைக்கு இத்தன லிங்க் தூரம்னு நோட்டுல எழுதுவாங்க. அந்த நோட்டெல்லாம் இன்னிக்கு அவங்க அரசாங்கம் நெட்டுல இலவசமா போட்டிருக்குது, எந்தக் காட்டுல அப்போ எந்த மரம் இருந்துச்சின்னு அத வச்சித்தான் ஆராய்ச்சி பண்றாங்களாம். நம்ம ஊர்லயும் பத்திரத்துல சொன்ன நாலெல்லைக்கும் சென்ட்டு கணக்குக்கும் ஒத்து வரலன்னா பொதுவா கோர்ட்டு நாலெல்லையத்தான் பாக்கும். குழிய சென்ட்டா மாத்தினதுலயே எங்க 34 குழி 44.96 ஆகுது, அந்த 0.04க்கு யாரும் சண்டை போடலங்கறது எங்க ஊரோட நல்ல குணம்.

இனி குறை. கனம் ஜாஸ்தி, வயசானவங்க தனியா தூக்கிப் போட முடியாது, ரெண்டு பேரு கட்டாயம் வேணும். மடிக்கத் தெரியணும், அம்பதாவது வட்ட வில்லையப் புடிச்சி ரெண்டு ரெண்டு லிங்க்கா சேத்து நெல்லுக்கட்டு மாதிரி கட்டணும், முனையில இருந்து சுருட்டினா சிக்கிக்கும். சேத்துக் கயினியில போட்டா ஒவ்வொரு வளையத்துலயும் மண்ணு ஏறி நீளம் குறையும், தொடைச்சி எண்ணெய் போடணும். மேடுபள்ளத்துல சங்கிலிய மட்டமாப் புடிச்சி அளக்கணும், சரிவுல படுக்க வச்சா ஜாஸ்தி வரும். அப்புறம் நீங்களா அளக்கறதுக்கு சட்டத்துல மதிப்பு கிடையாது, அது உங்க தெளிவுக்கு மட்டும்தான், தகராறுன்னா எஃப் லைன் மனுதான் வழி.

வாங்கப் போறவங்க கையில ஸ்டீல் டேப் எடுத்துக்கினு போங்க, கடைக்காரர் 66 அடின்னு சொன்னாலும் 20 மீட்டரா, நூறு அடியான்னு பிரிச்சிப் பாத்துட்டுதான் காசக் குடுங்க, நூறு அடி சங்கிலியில ஒரு லிங்க் ஒரு அடி இருக்கும், இதுல எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி, கையில எடுத்தாலே தெரிஞ்சிடும். என் மார்க்கு அஞ்சுக்கு நாலரை, அரை மார்க்கு அந்தக் கட்டுக்கம்பிக்காகப் பிடிச்சிருக்கேன்.

போன வாரம் பக்கத்துக் கயினிக்காரர் வந்தாரு, அவரு தங்கச்சிக்குப் பள்ளிகொண்டா பக்கம் கொல்லி பாகம் பிரிக்கணுமாம், சங்கிலி ரெண்டு நாளைக்கு வேணும்னாரு. குடுக்கல, நானே வர்றேன் அண்ணான்னு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை காத்தால வெயிலுக்கு முன்னாடி போறோம், அவரு முன்முனை, நான் பின்முனை.